வியாழக்கிழமைப் படமும் மூன்று நாள் கழித்து வந்த பேச்சும்

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். இத்தகைய இல்லத்தை இங்கே நர்சிங் ஹோம் என்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குச் சிறிய தனியார் மருத்துவமனை என்றே பொருள் என்பதால், நான் பிரசவ வார்டில் வேலை பார்ப்பதாகவே என் தாயார் பல ஆண்டுகள் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் நான் பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பெற்றோர் 1922ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போரில் ஏதோ ஒரு பக்கம் நின்றவர்கள், அல்லது எந்தப் பக்கமும் நிற்காமல் இரண்டு பக்கத்தாருக்கும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டவர்கள்.

வியாழக்கிழமை பிற்பகலில் பெரிய கூடத்தில் படம் போடுவது எங்கள் இல்லத்தின் வழக்கம். பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைக் கவனிப்பவர் 2022ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நீண்ட விடுப்பில் சென்றபோது அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. அதுவரை ஓடியவை பழைய பாட்டுப் படங்களும் குதிரைப் பந்தயக் கதைகளும்தான். அந்த ஆகஸ்டில், விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் அந்த உள்நாட்டுப் போரில் சுட்டுக் கொல்லப்பட்ட நூற்றாண்டு நினைவுக் கூட்டம் இதே மாவட்டத்தின் பேல் நா ப்ளா என்னும் இடத்தில் நடந்தது. அந்தப் போரின் இரு தரப்பிலிருந்தும் முளைத்த இரண்டு கட்சிகளின் தலைவர்களான அப்போதைய பிரதமர் மிஹால் மார்ட்டினும் துணைப் பிரதமர் லியோ வரட்கரும் அங்கே ஒரே மேடையில் பேசியதைத் தொலைக்காட்சியில் பார்த்த முதியவர்களில் சிலர், உள்நாட்டுப் போரைப் பற்றிய படம் ஒன்று போடும்படி என்னிடம் கேட்டார்கள். கேட்டவர்கள் நான்கு பேர். கேட்காதவர்கள் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

முதலில் நினைவுக்கு வந்தது நீல் ஜோர்டன் 1996இல் எடுத்த, காலின்ஸைப் பற்றிய படம். ஆனால் கேட்டவர்களில் ஒருவரே அதை வேண்டாம் என்றார். காலின்ஸுக்கு உளவு சொன்ன நெட் ப்ராய் என்னும் காவல்துறை அதிகாரியை அந்தப் படத்தில் சாகடித்துவிடுகிறார்கள். உண்மையில் ப்ராய் 1972 வரை உயிரோடு இருந்தவர் என்று அவர் விரலை ஆட்டிச் சொன்னார். எனவே, ஆங்கிலேய இயக்குநரான கென் லோச் எடுத்து 2006இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதை வென்ற ‘தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி’ படத்தைத் தேர்ந்தெடுத்தேன். வாற்கோதுமையை அசைக்கும் காற்று என்று பொருள்படும் அந்தத் தலைப்பு ஒரு பழைய நாட்டுப்பாடலிலிருந்து வந்தது. அதில் வரலாற்றுத் தலைவர்கள் எவரும் கதைமாந்தர்களாக வருவதில்லை. மருத்துவம் படித்து லண்டனுக்குக் கிளம்பும் நிலையில் இருக்கும் டேமியன், அவனுடைய சகோதரன் டெடி ஆகிய இருவரும் பிரிட்டிஷ் படைகளை எதிர்த்து ஒன்றாகப் போராடி, பிறகு பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்வியில் எதிரெதிர் நிற்கிறார்கள். தலைவர்கள் இல்லாததால் சச்சரவும் இருக்காது என்று நான் கணக்குப் போட்டேன். தலைவர்கள் இல்லாத இடத்தில் பார்ப்பவர்கள் தங்கள் தந்தையரை வைத்துப் பார்ப்பார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

இரவுப் பணியின்போது வரலாற்றைப் படித்தேன். 1921 டிசம்பர் 6ஆம் நாள் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் அயர்லாந்துக்கு முழு விடுதலையைத் தரவில்லை. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது, வடக்கின் ஆறு மாவட்டங்கள் தனியே நிற்பதற்கும் வழிவிட்டது. அடுத்த ஜனவரியில் ஐரிஷ் நாடாளுமன்றம் அதை 64க்கு 57 என்ற வாக்குக் கணக்கில் ஏற்றது. ஏழே வாக்குகள். 1922 ஜூன் 28 அன்று, பிரிட்டிஷாரிடமிருந்து பெற்ற பீரங்கிகளைக் கொண்டு புதிய அரசின் படை டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் இருந்த, ஒப்பந்தத்தை எதிர்த்த தன் முன்னாள் தோழர்களைத் தாக்கியது. அடுத்த மே மாதம் வரை நீடித்த போரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,400 முதல் 1,500 பேர் இருக்கலாம். அரசு முறைப்படி சுட்டுக் கொன்ற கைதிகள் 77 பேர் என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த எண். அவர்களில் ஒருவரான ரோரி ஓ’கானர், அந்தத் தண்டனைக்கு ஒப்புதல் தந்த அமைச்சர்களில் ஒருவரான கெவின் ஓ’ஹிக்கின்ஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். அந்தத் திருமணத்திற்கும் இந்தத் தண்டனைக்கும் இடையே ஓராண்டுக்குச் சற்றே அதிகமான காலம்தான். இவற்றையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டதும் எனக்கு ஒரு தவறான துணிச்சல் வந்தது. படம் முடிந்ததும் ஒரு சிறிய கலந்துரையாடலை நடத்திவிடலாம் என்று நினைத்தேன்.

சில ஏற்பாடுகளைச் சரியாகவே செய்தேன். படம் 127 நிமிடம் ஓடும். அந்த வயதில் அவ்வளவு நேரம் ஒரே இருக்கையில் உட்கார முடியாது என்பதால் நடுவில் தேநீர் இடைவேளை வைத்தேன். செவித்திறன் குறைந்தவர்களுக்காக எழுத்து வசனத்தை ஓடவிட்டேன். கைதியின் விரல் நகங்களைப் பிடுங்கும் காட்சி எங்கே வருகிறது என்பதை முன்கூட்டியே பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒலியைக் குறைத்தேன். தவறு வேறு இடத்தில் நடந்தது. வழக்கமாக வியாழக்கிழமைகளில் யார் எங்கே உட்காருவார்களோ அங்கேயே எல்லோரையும் உட்கார வைத்துவிட்டேன்.

முதல் பாதி திருவிழாவைப் போல நடந்தது. படம் இந்த மாவட்டத்திலேயே, பாண்டன், டிமோலீக் போன்ற ஊர்களில் எடுக்கப்பட்டது. டேமியனாக நடித்த கிலியன் மர்ஃபி கார்க் நகரத்துப் பிள்ளை. எனவே கதையைவிடத் தெருக்களைத்தான் முதலில் பார்த்தார்கள். அந்தக் கடையின் முகப்பை மாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்ல மறுத்து ஐரிஷ் மொழியிலேயே சொன்னதற்காக மீஹால் என்னும் பதினேழு வயதுப் பையனைப் பிரிட்டிஷ் படையினர் அடித்துக் கொல்லும் காட்சியில் நாற்காலிகள் உறுமின. அவனுடைய உடலருகே ஒரு மூதாட்டி தலைப்புப் பாடலைப் பாடும்போது எங்கள் கூடத்தில் ஏழெட்டுக் குரல்கள் சேர்ந்துகொண்டன; தன் மகளின் பெயரையே மறந்துவிட்ட ஒரு பெண்மணி ஒரு சொல்கூடத் தவறாமல் பாடினார். எதிரி வெளியிலிருந்து வந்தவனாக இருக்கும்வரை கூட்டமாகக் கோபப்படுவது எளிது, ஏன், மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. நானும் அந்தக் கோபத்தில் பங்கெடுத்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்போதுதான் ஜன்னல் ஓரம் இருந்த ஓர் அம்மையார் கையை உயர்த்தி என்னை அழைத்தார். இங்கிலாந்தில் பிறந்து, கார்க்காரர் ஒருவரை மணந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வாழ்ந்து, கணவரையும் இங்கேயே அடக்கம் செய்தவர். தன் நாற்காலியைத் தோட்டத்தின் பக்கம் திருப்பி வைக்க முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். வெளிச்சம் கண்ணில் படுகிறது என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

இந்தப் படம் வெளிவந்தபோது பிரிட்டிஷ் நாளேடுகளில் சில பத்தி எழுத்தாளர்கள் அதைக் கடுமையாகத் தாக்கினார்கள். அவர்களில் படத்தைப் பார்க்காமலேயே எழுதியவர்களும் இருந்தார்கள். அந்தச் சண்டையைப் பற்றியெல்லாம் படித்திருந்த எனக்கு, என் கூடத்திலேயே ஒருவர் அந்தப் பிரிட்டிஷ் படைச் சீருடையைத் தன் தந்தையின் தலைமுறைச் சீருடையாகப் பார்ப்பார் என்று தோன்றவில்லை. ஒப்பந்தத்தை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் என்ற இரண்டு பக்கங்களை மட்டுமே நான் மனத்தில் வைத்திருந்தேன். உள்நாட்டுப் போர்ப் படம் ஒன்றைப் பலருக்குப் போட்டுக் காட்ட நினைப்பவர்கள், அந்தப் போரில் எத்தனை பக்கங்கள் என்று வரலாற்று நூலைப் பார்த்து எண்ணக் கூடாது. கூடத்தில் இருக்கும் நாற்காலிகளைப் பார்த்து எண்ண வேண்டும்.

தேநீருக்குப் பிறகு ஒப்பந்தக் காட்சி வந்தது. ஊர்த் திரையரங்கில் செய்திப் படத்தின் வழியாகத்தான் போராளிகள் ஒப்பந்தத்தின் விதிகளை அறிந்துகொள்கிறார்கள். மகிழ்ச்சி சில நொடிகளில் முணுமுணுப்பாக மாறுகிறது. எங்கள் கூடத்திலும் அப்படியே ஆயிற்று, ஆனால் முணுமுணுப்புக்கூட இல்லை. பாடியவர்கள், திட்டியவர்கள், கடை முகப்பைப் பற்றிக் குறைப்பட்டவர் எல்லோரும் ஓய்ந்தார்கள். புதிய அரசின் பச்சைச் சீருடை அணிந்த ஐரிஷ்காரர்கள் திரையில் வந்ததிலிருந்து ஒருவரும் மற்றவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. முன் பகுதியில், தகவல் சொன்ன குற்றத்திற்காகத் தன் சிறுவயது நண்பனை டேமியனே சுட்டுக் கொல்ல நேர்கிறது. அந்தப் பையனின் தாய், இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று டேமியனிடம் சொல்லிவிடுகிறார். இறுதியில் டெடியின் ஆணைப்படி டேமியன் சுடப்படுகிறான். அவன் எழுதிய கடிதத்தை டெடி எடுத்துப்போய்க் கொடுக்கும்போது, டேமியனின் காதலியும் டெடியிடம் அதையே சொல்கிறாள். அந்த வாக்கியம் இரண்டாவது முறை வந்தபோது, முன் வரிசையில் இருந்த 91 வயதுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விளக்கைப் போட்ட கையோடு நான் கேட்டேன்: உங்கள் குடும்பங்கள் எந்தப் பக்கம் இருந்தன?

இதைவிட மோசமான கேள்வியை இன்றுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. ஒருவர் கழிவறைக்குப் போக வேண்டும் என்றார். இன்னொருவர் இரவு உணவுக்கு மீனா என்று விசாரித்தார். நான்காம் மேசையில் இருக்கும் 88 வயது அம்மையார் மட்டும், இந்தக் கார்க் பக்கத்தினர் வாக்கியத்தின் முடிவில் சேர்த்துச் சொல்லும் ‘கேர்ள்’ என்ற விளியோடு, “அதையெல்லாம் நாங்கள் கேட்பதில்லை, கேர்ள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நடைபாதையில் ஈரமிருக்கிறது என்று எச்சரிப்பதைப் போலச் சொன்னார். கலந்துரையாடலுக்காக நான் எழுதி வைத்திருந்த ஐந்து கேள்விகள் மேலங்கிப் பையிலேயே கிடந்து, மறுநாள் சலவைக்குப் போயின.

நிகழ்ச்சி தோற்றுவிட்டது என்று பதிவேட்டில் எழுதும் அளவுக்கு எனக்குச் சோர்வு வந்திருந்தது. ஆனால் எதிர்வினை வராமல் இல்லை. தன் நேரத்தை எடுத்துக்கொண்டு வந்தது. வியாழன் இரவில் மூன்று பேர் தூங்கவில்லை என்று இரவுப் பணியாளர் குறித்திருந்தார். வெள்ளிக்கிழமை, எப்போதும் ஒரே மேசையில் காலை உணவு உண்ணும் இரண்டு ஆண்கள் தனித்தனி மேசைகளில் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது, அந்த 88 வயது அம்மையார் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே, எங்கள் மாமா ஒருவர் அந்தக் காலத்தில் சிறையில் இருந்தார் என்று தொடங்கினார்.

ஆங்கிலத்தில் அங்கிள் என்றுதான் சொன்னார். நமக்கு அந்தச் சொல் போதாதே. அம்மா வழியா, அப்பா வழியா என்று பழக்க தோஷத்தால் கேட்டுவிட்டேன். அதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லையாம். தாயின் அண்ணன் என்றார். பிறகு நிறுத்தாமல் இருபது நிமிடம் பேசினார். தாய் வீட்டார் ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள், தந்தை வீட்டார் ஆதரித்தவர்கள். 1923 அக்டோபரில் ஆயிரக்கணக்கான கைதிகள் தொடங்கிய உண்ணாநோன்பில் அந்த மாமாவும் சேர்ந்திருந்தார். பின்னாளில் நடந்த பெற்றோரின் திருமணத்துக்குத் தாய் வீட்டிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. எல்லாவற்றையும்விட அவருடைய பாட்டியை வாட்டியது வேறொன்று. அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்துபவர்களுக்குப் பாவமன்னிப்பும் நற்கருணையும் மறுக்கப்படும் என்று 1922 அக்டோபரில் கத்தோலிக்க ஆயர்கள் கூட்டாக அறிவித்தார்கள். மகன் செத்தால் எப்படிச் சாவான் என்ற கவலையில் அந்தப் பாட்டி ஒரு குளிர்காலம் முழுதும் பூசைக்குப் போகாமல் வீட்டிலேயே செபமாலை சொன்னாராம். படத்தில் பாதிரியார் ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேசும்போது டேமியன் எதிர்த்துக் கேட்டுவிட்டுக் கோயிலைவிட்டு வெளியேறுகிறான். அந்தக் காட்சிதான் தன்னைப் பிடித்துக்கொண்டது என்றார் அவர். துப்பாக்கிச் சூட்டைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை.

அடுத்த சில நாட்களில் இதைப் போலப் பலவும் வந்தன. எல்லாம் குளிப்பாட்டும்போதும், காலுக்கு மருந்து தடவும்போதும், படுக்கையைச் சரிசெய்யும்போதும்தான். முகத்துக்கு முகம் பார்க்காமல், கையில் வேலை இருக்கும்போது இந்தப் பேச்சு வருகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் குறிப்பெடுப்பதையும் விட்டுவிட்டேன். தாளை எடுத்தால் வாய் மூடிக்கொள்கிறது. அவர்கள் சொல்லும் தேதியோ ஊரோ வரலாற்றோடு பொருந்தாவிட்டால் திருத்துவதும் இல்லை. ஒரு முறை அப்படித் திருத்தினேன், உனக்குத்தான் எல்லாம் தெரிகிறதே என்று அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நம் நாட்டில் இப்படி, பக்கத்து நாட்டில் அப்படி என்று ஒப்பிட்டுப் பேசும் ஆசையையும் அடக்கிக்கொண்டேன். நமக்குப் புரிகிறது என்று காட்டத்தான் ஒப்பிடுகிறோம். ஆனால் அந்த நொடியிலேயே கதை அவர்களிடமிருந்து நம் கைக்கு வந்துவிடுகிறது.

2023 மார்ச்சில், மற்றொரு பிரிவில் இருந்தவர்கள் கேட்டதால், அதே படத்தை மீண்டும் போட்டேன். இம்முறை ஒரு வாரம் முன்னதாகவே குடும்பத்தினரைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் பேசப்படாத விஷயம் ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டேன். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. இரண்டு குடும்பங்கள் வேண்டாம் என்றன. அந்த இருவருக்கும் அதே நேரத்தில் வேறு அறையில் சீட்டாட்டம் ஏற்பாடு செய்தோம். படத்தை ஒரே நாளில் முடிக்காமல், ஒப்பந்தச் செய்தி வருவதற்கு முன் நிறுத்தி, மீதியை மறுநாள் காலையில் போட்டேன். பிற்பகலில் பார்த்தால் அது இரவுக்குள் போய்விடுகிறது; காலையில் பார்த்தால், கலங்கிய மனம் தெளிய மதிய உணவும் வருகையாளர் நேரமும் இருக்கின்றன. விளக்குகளில் பாதியை எரியவிட்டேன். எழுந்து போக விரும்புபவர் யாரையும் தாண்டாமல் போகும்படி நாற்காலிகளைக் கதவை நோக்கி வளைவாகப் போட்டேன். கேள்வி எதையும் கேட்கவில்லை. முடிந்ததும் தேநீர் கொடுத்தோம், அவ்வளவுதான். அடுத்த நான்கு நாட்களுக்கு, பழகிய பணியாளர்களே அந்தப் பிரிவில் இருக்கும்படி பணி அட்டவணையை மாற்றச் சொல்லி மேலாளரிடம் கேட்டுப் பெற்றேன். செய்த மாற்றங்களில் இதுதான் மிகவும் பயன்பட்டது. படம் போடும் நாளில் ஆட்களைக் கூட்டி வைப்பதால் பயனில்லை, அதற்குப் பின்வரும் நாட்களில்தான் ஆள் தேவை.

தோட்டத்தைப் பார்த்து அமர்ந்த அம்மையாரிடம் முதல் வாரமே மன்னிப்புக் கேட்டிருந்தேன். எதற்கு என்று கேட்டுச் சிரித்தார். இரண்டாம் முறை படம் போடப் போகிறோம் என்றதும், தன் கணவரும் தானும் அதைத் திரையரங்கில் முன்பே பார்த்திருந்ததாகவும், பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்வரை காரில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்றும், வீட்டை அடைந்ததும் கணவர் கேட்காமலேயே தேநீர் போட்டுக் கொடுத்தார் என்றும் சொன்னார். கணவரும் தானும் சேர்ந்து பார்த்த படம் என்பதற்காகத்தான் முதல் முறையும் கூடத்துக்கு வந்தாராம்.

கண்ணாடியைக் கழற்றி மடித்த 91 வயதுப் பெரியவர் மட்டும் மாதக்கணக்கில் எதுவும் சொல்லவில்லை. அவருடைய தந்தை அரசுப் படையில் இருந்தவர் என்று இல்லத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வசந்த காலத்தில் ஒருநாள், தந்தையின் ஓய்வூதியக் கோப்பு கிடைக்குமா என்று அவராகவே கேட்டார். விடுதலைப் போராட்டத்தில் பங்கெடுத்த அரசுப் படையினருக்கு 1924ஆம் ஆண்டுச் சட்டமும், ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களையும் சேர்த்துக்கொண்ட 1934ஆம் ஆண்டுச் சட்டமும் ஓய்வூதியம் வழங்கின. அந்த விண்ணப்பக் கோப்புகளை 2014 முதல் இராணுவ ஆவணக் காப்பகம் பகுதி பகுதியாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டு வருகிறது. இத்தகைய தேடலை நானே செய்யக் கூடாது என்பது அதற்குள் எனக்கு விளங்கியிருந்தது; கோப்பில் என்ன இருந்தாலும் அதைத் தாங்கிக்கொள்ளப் பக்கத்தில் குடும்பத்தில் ஒருவர் இருக்க வேண்டும். எனவே அவருடைய மகளிடம் சொன்னேன். அவர் தேடிக் கண்டெடுத்துக் கைக்கணினியில் கொண்டுவந்தார்.

தந்தை விண்ணப்பித்திருந்தது 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ். மகள் படிக்கத் தொடங்கியதும் பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். என்ன செய்தார் என்று படிக்க வேண்டாம், கையெழுத்தை எந்த மொழியில் போட்டிருக்கிறார் என்று மட்டும் பார் என்றார். மகள் பக்கங்களை நகர்த்திக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். பெயர் ஐரிஷ் மொழியில் இருந்தது. வீட்டில் ஒருநாளும் தந்தை அந்த மொழியைப் பேசியதில்லை என்று பெரியவர் என்னிடம் சொன்னார். பிறகு சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்.